எச்சில் பட்ட மஃப்ளர்

பின்னல் கடைக்காரியின் கணவரைப் பார்த்ததுமே குழந்தையின் அம்மாவுக்கு முகம் சுளித்தது. வாரக்கணக்கில் வழிக்காத தாடி. சட்டையின் முன்பக்கத்தில் காலையில் குடித்த காப்பி அப்படியே காய்ந்து கிடந்தது. இந்தக் கையாலா குழந்தைக்கு மஃப்ளர் என்று குமட்டிக்கொண்டு வந்தது. யாருக்குத்தான் வராது?

"இதை இவரா முடிக்கப்போறார்?"

"முக்கால்வாசி நானே போட்டுட்டேன் மேடம். இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. இவர் கை வேகமான கை, இதோ முடிச்சிடுவார். நீங்க உக்காருங்க" என்றாள் கடைக்காரி. கணவரை உள்ளறையிலிருந்து அவள்தான் இழுத்து வந்திருந்தாள்.

குழந்தையின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலையில கிளம்பறோம். குழந்தையோட அப்பாவுக்கு மலைமேலே மாத்தலாயிடுச்சு. பிள்ளைக்குக் குளிரும் ஆகாது, உல்லனும் ஆகாது. யாரோ ஆசையாக் குடுத்த உல்லன் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, கழுத்தெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டோம். அதனாலதான் கேட்டதையே கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. காட்டன்தானே?"

"என் பிள்ளை மேலே சத்தியமா சுத்தமான காட்டன் மேடம்! இந்தாங்க, தொப்பியைத் தொட்டுத்தான் பாருங்களேன்."

தொப்பி நேற்றே தயாராகியிருந்தது. குழந்தையின் அம்மா அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். மெத்தென்று குளுமையாக இருந்தது. மஃப்ளரும் அதே ஆகாய நீலம். அவளுக்கு மனசு சமாதானமாயிற்று.

கணவர் நீளமான பின்னல் சட்டத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு வரிசையாக முளைகள், முளைகளில் மாட்டிய நூல், கீழே தொங்கும் மஃப்ளர். தொங்கியதை விரலால் ஒரு தடவை தடவினார். தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"என் முகத்துல என்ன எழுதி ஒட்டியிருக்கு? கையை ஓட்டுங்க" என்று அதட்டினாள் அவள்.

கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர் அவர். கொக்கியை எடுத்து முளை முளையாகக் கண்ணிகளைத் தூக்கிப் போட ஆரம்பித்தார். நாலைந்து வரிசை போவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. மனைவி அதே நீலத்தில் இன்னொரு உருண்டையைத் தூக்கிப் போட்டாள்.

பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் பிரித்துப் பஞ்சாக்கி, உள்ளங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். தொண்டையைக் காறினார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அதன்மேல் துப்பினார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தார். கையை விரித்தால் முடிச்சே இல்லாமல் ஒரே இழையாகியிருந்தது நூல்.

"ஐயே! சீ!" நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள் குழந்தையின் அம்மா.

"முடிச்சு போட்டா குழந்தைக்குக் கழுத்துல உறுத்தும்மா" என்று இளித்தார் அவர். இளிக்காமலாவது இருந்திருக்கலாம்.

கடைக்காரி பதறிப்போனாள். "இவர் கிடக்கறார் மேடம்! வெந்நீர்ல சோப்பு போட்டு அலசி, காயவெச்சு, ராத்திரி வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறேன். துளி வாடை இருக்காது."

குழந்தையின் அம்மா தவித்தாள். பொழுது சாய்ந்துவிட்டது, இனி வேறு கடை தேடி ஓட முடியாது. குளிரில் பிள்ளையின் கழுத்தைத் திறந்துபோட்டு அழைத்துப்போகவும் மனசில்லை.

"நல்லா அலசிடுவீங்கல்ல?" என்று அரை மனதாகக் கேட்டாள்.

அதற்குள் அவர் மஃப்ளரை முடித்துச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டார். கழற்றிய கையோடு அதன் முனையை மூக்கில் வைத்து, நிதானமாக, ஆசை தீரச் சிந்தினார். சிந்தியதைப் பிரித்து ஒரு தடவை பார்த்தார். மடித்தார். "இந்தாங்கம்மா" என்று நீட்டினார்.

குழந்தையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஓங்கரிப்பு அடங்கியதும் அங்கிருந்தே கத்தினாள்.

"மனுஷங்களா நீங்க? தொப்பி மட்டும் போதும், நல்லவேளை அதுல இவர் கை படலை. பிள்ளை கழுத்துக்கு என் துப்பட்டாவைச் சுத்திவிட்டுக்கறேன். இனிமே இந்தத் தெருப் பக்கம் வந்தா என்னைச் செருப்பால அடிங்க!"

தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குரிய பணத்தை மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டாள். அவள் போகிற போக்கில் அடுத்த கடையிலும் நின்று கை நீட்டி எதையோ சொல்வது தெரிந்தது. நாளைக்குள் ஊர் சிரிக்கப்போவது நிச்சயம்.

மேஜையில் கிடந்த பணத்தை அள்ளிக்கொண்டு கடைக்காரி திரும்பினாள். கணவரோ குழாயைத் திறந்து, சோப்பைக் குழைத்து, விரலிடுக்கு விடாமல் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன கழுவல் வேண்டிக்கிடக்கு? வந்த மகராசியை ஓட ஓட விரட்டியாச்சு! உங்களோட ஒரே வீட்டுல குடும்பம் நடத்தறேன்னு நினைச்சாலே வயித்தைப் புரட்டுது. கேக்கறேன், பதில் சொல்லுங்க. உங்களைவிட அருவருப்பான ஜென்மம் இந்த உலகத்துல உண்டா?"

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு, அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"உண்டு. மஃப்ளரை உல்லன்ல பின்னி வெச்சுட்டு, காட்டன்னு நம்ம பிள்ளை மேலே சத்தியம் பண்ணினவ."