டிஸ்ப்ளே வரலை

"அப்பவே சொன்னனுங்க, படிச்சவங்க கையில குடுங்கன்னு. யாரு கேட்டீங்க?"

அக்கவுண்ட்ஸ் பார்க்கும் திருமூர்த்தி இதை முதலாளியிடம்தான் சொன்னான். ஆனால் நாகஜோதிக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கும் அந்த பனியன் கம்பெனி, தன் சென்னை ஆபீஸை அந்த வாரம்தான் மூடியிருந்தது. அங்கிருந்த கம்ப்யூட்டர் லாரி பார்சலில் காலையில் வந்து இறங்கியது. நாகஜோதிதான் பெட்டியைப் பிரித்து, வயர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பேக்கிங் லிஸ்ட் தூத்துக்குடிக்குப் போகாவிட்டால் சரக்கு கப்பலேறாது. அந்த லிஸ்ட் இருந்தது இந்தக் கம்ப்யூட்டருக்குள்.

நாகஜோதி பதினோரு வருஷம், தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்ப் படித்து, மூன்று மாதம் முன்புதான் ஆபீஸுக்கு வந்திருந்தாள். நாற்பது வயதில், உட்கார்ந்து செய்கிற முதல் வேலை.

முதலாளி கிட்டுசாமி சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"ரிப்பேர்க் கடைக்குப் போன் பண்ணுங்க திருமூர்த்தி" என்றார். பிறகு நாகஜோதியிடம், "நீ நாளைக்கிருந்து பழையபடி செக்கிங்குக்கே போயிரு அம்மிணி" என்றார்.

"சரிங்க" என்றாள்.

பதினோரு மணிக்கு கடையிலிருந்து சகாயராஜ் வந்தான். இருபத்து நாலு வயது இருக்கும். பேச்சில் திருச்செந்தூர்ப் பக்கத்து இழுப்பு. வந்ததும் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாகஜோதியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாரு மாட்டுனது?"

"நான்தான் தம்பி."

"அப்ப நீங்களே பாருங்கக்கா. எனக்கு ஒரு டீ சொல்லுங்க."

நாகஜோதிக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் குனிந்தாள்.

"மானிட்டர் வயரக் கழட்டி மறுபடி மாட்டுங்க. வரலியா? சரி, வேற மானிட்டர் ஒண்ணக் கொண்டாந்து மாட்டிப் பாருங்க."

அதிலும் வரவில்லை.

"அப்ப மானிட்டர் நல்லாருக்கு. கோளாறு பெட்டியில. கரண்ட்ட எடுத்துட்டு மூடியத் திறங்க."

"திறந்து பழக்கமில்லையே தம்பி. ஏதாச்சும் ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா நான் பாத்துக்கிடுதேன். ஸ்க்ரூவக் கழட்டுங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கிட்டுசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தரையில் மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்ட, பையன் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார்.

"ஏனுங் தம்பி, வேலைக்கு வந்தது நீங்களா, இந்தம்மாவா?"

"அவங்க பாத்துருவாங்க மொதலாளி."

"நீங்க என்ன பண்றீங்க?"

"டீ குடிக்கேன்."

திருமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கிட்டுசாமி நேராகத் தன் மேஜைக்குப் போய்க் கடைக்குப் போன் போட்டார்.

"நீங்க அனுப்புன பையன் சேரை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறானுங்க. ஒரு பொம்பளையப் போட்டு வேலை வாங்கறான். அடுத்த தடவை வேற ஆளை அனுப்புங்க."

இங்கே மூடி திறந்திருந்தது.

"ஃபேனுக்குப் பக்கத்துல சீப்பு மாதிரி நட்டுக்க நிக்கில்லா, அதுதான் ரேம். நேரா இருக்கா?"

நாகஜோதி குனிந்து பார்த்தாள். டிசைன் போட்ட பனியன் துணியில் ஊசி ஓட்டையைத் தேடுகிற கண் அது.

"ஒரு ஓரம் லேசாத் தூக்கிட்டு இருக்கு தம்பி. இந்தப் பக்கத்துக் கிளிப் விழவே இல்ல."

"வெளிய எடுங்க. அந்த மஞ்சப் பல்ல ரப்பர வச்சு மெதுவா அழிங்க, பென்சில் எழுத்த அழிக்க மாதிரி. இப்ப நேரா வச்சு அமுக்குங்க. இன்னும். பயப்படாதீங்க."

'டிக்' என்று இரண்டு பக்கமும் விழுந்தது.

"கரண்ட் குடுங்க."

மானிட்டரில் எழுத்துகள் ஓடின.

நாகஜோதி எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் வெளிச்சத்தைப் பார்த்து கிட்டுசாமியும் திருமூர்த்தியும் வந்தார்கள்.

"என்ன கோளாறுங்க?" என்று சகாயராஜைக் கேட்டான் திருமூர்த்தி.

"அக்காட்ட கேளுங்க."

"லாரியில குலுங்குனதுல ரேம் எடம் விட்டு நகந்துருச்சுங்க" என்றாள் நாகஜோதி. "வயர் மாட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. இனி இந்த மாதிரி ஆனா நானே பாத்துக்குவேன்."

திருமூர்த்தி தன் மேஜைக்குப் போய்விட்டான். கிட்டுசாமி திரையை எட்டிப் பார்த்தார்.

"லிஸ்ட்டை அனுப்பிச்சுடு அம்மிணி. நாளைக்கும் நேரத்துல வந்துரு. ஆபீஸுக்கு."

சகாயராஜ் வெளியே போய் பைக்கை எடுத்தான். கிட்டுசாமி பின்னாலேயே வந்தார்.

"ஒரு நிமிசம் தம்பி. இது என்ன கோளாறுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உள்ள வரும்போதே தெரிஞ்சிட்டு மொதலாளி. பார்சல்ல வார பெட்டில பாதி இந்தக் கேசுதான். ரெண்டு நிமிச வேலை."

"அப்பறம் எதுக்குங்க ஒரு மணி நேரம் அந்தம்மாவைப் போட்டு அந்தப் பாடு படுத்துனீங்க? உங்களை இனி அனுப்ப வேண்டாம்னு கடைக்கே சொல்லிட்டனே!"

சகாயராஜ் கிக்கரை மிதித்தான்.

"நான் சரி பண்ணிட்டுப் போயிருந்தா, கெடுத்தது அவங்கன்னுதான மொதலாளி நெனச்சிட்டு இருப்பீங்க?"