ஓனர் கையெழுத்து

"இன்ஜினையே மாத்திடுங்கண்ணா" என்றாள் அஞ்சலாட்சி.

மெக்கானிக் சாமிக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மூலக்குளத்தில் அவர் ஷெட்டுக்கு வந்து இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். மற்றவர்கள் எல்லாம் பழசையே எப்படியாவது ஓட வைக்கச் சொல்லித்தான் கெஞ்சுவார்கள்.

"எதுக்கும்மா? ஆயில் இல்லாம ஓடி ஜாம் ஆயிருக்கு, அவ்ளோதான். கிராங்க்கக் கடைஞ்சி பேரிங் போட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். இந்தப் பழைய அம்பாசிடருக்குப் போயி வேற இன்ஜின் போட்டா, சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும்."

டிரைவர் பக்கிரி ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றான். "யக்கா, சத்தியமாச் சொல்றேன். முந்தின நாள் சாயங்காலம் ஆயில் பாத்துட்டுதான் வண்டிய ஒங்க வீட்டாண்ட உட்டுட்டுப் போனேன். காலைல எடுத்தேன், கருவடிக்குப்பம் போறதுக்குள்ள நின்னுடுச்சி."

"அடியில ஆயில எறக்கி உடற நட்டையே காணமேடா" என்றார் சாமிக்கண்ணு. "டைட்டா இருக்கான்னு பாக்கறது யாரு வேல? இது புருஷன் தேவதாஸ் ஊர்ல இருந்தவரைக்கும் அவனே கீழ படுத்து ஆயில் மாத்துவான். இந்தப் பொண்ணு பழைய ஆயிலுக்குச் சட்டியப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துல ஒக்காந்திருக்கும்."

அஞ்சலாட்சி பக்கிரியின் பக்கம் திரும்பவே இல்லை.

"தோ பாரும்மா. வேற இன்ஜின் போட்டா நம்பர் மாறிடும். ஆர்.சி. புக்குல மாத்தணும். அதுக்கு ஓனர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வண்டி ஒன் புருஷன் பேர்ல இருக்கு, அவன் பிரான்சுல இருக்கான்."

"தெரியும்ணா. எழுதிப் போட்டா வருவாரு."

"இதுக்காகவா?"

"வண்டின்னா அவருக்கு உசுரு. நான் எழுதுனா வர மாட்டாரு. நீங்க எழுதுங்க."

தேவதாஸ் எழுபத்தைந்தாம் வருஷம் பிரான்சுக்குப் போனவன். எட்டு வருஷமாகப் பொங்கலுக்கு ஒரு கடுதாசி வரும், ஆள் வந்ததில்லை. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் இருப்பதாகப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாமிக்கண்ணுவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றைக்கே எழுதிப் போட்டார்.

பக்கிரியின் வேலை போயிற்று. இன்ஜினைத் தின்றவன் என்று பெயர் வாங்கியவனை நம்பி டாக்சி ஸ்டாண்டில் வேறு யாரும் வண்டி கொடுக்கவில்லை. பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்ணா" என்று ஒருநாள் சாமிக்கண்ணுவிடம் சொல்லி அழுதான்.

அஞ்சலாட்சி வாரம் தவறாமல் ஷெட்டுக்கு வந்தாள். இன்ஜின் கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பதில் வந்துச்சாண்ணா?" என்றுதான் கேட்பாள். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டாளாம். முன்நெற்றி நரைக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள்.

இரண்டாம் மாதம் தடித்த கவர் ஒன்று வந்தது. சாமிக்கண்ணு சொல்லியனுப்பிய கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"காரியம் முடிஞ்சுதும்மா" என்றார். நல்ல சேதி போலத்தான் சொல்லப் பார்த்தார். "பவர் பத்திரம் எழுதி, முத்திரையோட அனுப்பிட்டான். வண்டிய மாத்தலாம், விக்கலாம், எல்லாத்துக்கும் ஒன் கையெழுத்தே போதும். அவன் வர வேண்டியதில்ல."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான்."

"எனக்குன்னு ஏதாச்சும் எழுதியிருக்காராண்ணா?"

அவர் கவரைத் தலைகீழாக உதறிக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

அவள் தூசி படிந்து நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவருக்கு.

"அப்ப பழசையே சரி பண்ணிடுங்கண்ணா" என்றாள் கடைசியில். "பக்கிரியக் கூப்ட்டுச் சாவியக் குடுங்க. அவன் மேல தப்பில்ல."

"அது எப்படிம்மா தப்பில்லாமப் போகும்?"

அஞ்சலாட்சி கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஆயில் நட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.