கோபுரம் பிரித்த பாதைகள்

ஊர் நடுவே ஒரு செல்போன் கோபுரம் நின்றது. எந்தக் கருவியின் செய்தி விரைவுப் பாதையில் போகலாம், எது பொதுப் பாதையில் காத்திருக்க வேண்டும் என்று பிரித்துவிடுவது அதன் வேலை.

ஒருநாள் இரண்டு கருவிகள் புதிதாக வந்தன. ஒன்று, சுவரையே அடைக்கிற டிவி. மற்றது, விரலகலக் கைப்பட்டை.

“எங்க வீட்ல எல்லாரும் பெரிய மனுஷங்க. படம் ஒரு நொடி நின்னாலும் கோபப்படுவாங்க,” என்றது டிவி.

கோபுரம் பணிவோடு விரைவுப் பாதையைத் திறந்துவிட்டது. பிறகு பட்டையிடம், “உனக்கென்ன?” என்றது.

“சவரிமுத்துன்னு ஒருத்தர் கையில இருக்கேன் ஐயா. அவர் நெஞ்சுத் துடிப்பு தடுமாறினா டாக்டருக்குச் சொல்லணும். ஒரு வரிதான்.”

“ஒரு வரிக்கு என்ன அவசரம்? பொதுப் பாதையில தண்ணி மீட்டருங்க பின்னால போய் நில்லு.”

மூன்றாம் நாள் சவரிமுத்து சரிந்து விழுந்தார். விரைவுப் பாதையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பட்டையின் அந்த ஒரு வரி வரிசையில் ஊர்ந்து டாக்டரிடம் சேர இருபது நிமிடம் ஆனது. சவரிமுத்து பிழைத்துக்கொண்டார், பேச்சுதான் திரும்பவில்லை.

கோபுரம் குன்றிப்போனது. பட்டையை அழைத்து விரைவுப் பாதையில் இடம் கொடுத்துவிட்டு, வசவுக்குக் காத்திருந்தது.

“ரொம்ப நன்றி ஐயா,” என்றது பட்டை. “நான் அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்.”

‘இல்லை, உன்னுடையதில்லை’ என்று சொல்ல கோபுரம் வாயெடுத்தது. சொன்னால், யாருடையது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த செய்தியைப் பிரிக்கத் தொடங்கியது.