பதினோராம் எண் ஜாக்கெட்

மாலை வெயில் ஏரியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கரையில் கவிழ்த்துப் போட்ட துடுப்புப் படகுகளிலிருந்து நீர் சொட்டுகிறது. மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன. முகாமுக்கு வந்த பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள் என்பதால் டீச்சர் எப்போதும் ஜாக்கெட்டுகளைத்தான் எண்ணுவார். இருபத்து நான்கு இருக்க வேண்டும். பதினோராம் எண்ணைக் காணோம். அவர் திரும்பித் தண்ணீரைப் பார்க்கிறார். ஏரியோ ஒன்றும் தெரியாததுபோல் மினுங்குகிறது. துடுப்போடு தண்ணீரை நோக்கி ஓடுகிறவர், வழியிலிருக்கும் கடைசிக் கூடாரத்தின் திரையை விலக்கிப் பார்க்கிறார். உள்ளே, ஜாக்கெட்டின் வார்கள் இறுகியிருக்க, ஒரு சிறுமி சுருண்டு தூங்குகிறாள். அவள் மூச்சுக்கு ஏற்ப முதுகில் பதினொன்று ஏறி இறங்குகிறது. டீச்சர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிடுகிறார்.

“ஏம்மா, இன்னும் இதைக் கழட்டலையா?”

சிறுமி கண்ணைக் கசக்குகிறாள். “நான் சொல்ற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்?”

சொல்லத்தான் மறந்திருக்கிறார். “கழட்டலாம் கண்ணு, கழட்டலாம்.” அவரே கொக்கியை விடுவிக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்காத இருபத்து மூன்று பேரும் வெளியே கூச்சல் போடுகிறார்கள். கேட்ட ஒருத்தியால் அல்லவா அவருக்கு உயிர் போய்த் திரும்பியிருக்கிறது!