ஏழாவது மாடிக்கு ஒரு கருத்து

மேம்பாலத்தைப் பற்றிச் சொன்னேன், புது நடிகரின் தாடியைப் பற்றிச் சொன்னேன், கத்தரிக்காயைப் பற்றிக்கூடச் சொன்னேன், இதையாவது என்னிடம் விட்டுவைக்கக் கூடாதா என்று மேகலா மனதுக்குள் பொருமினாள்.

சமையலறைத் திரையில் இன்றைய கேள்வி ஒளிர்ந்தது: ‘கருவிலேயே கலைந்த குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா?’

கருத்துப் பதிவு குறைந்த வீடுகளுக்கு லிஃப்ட் வராது. முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த மாமியார் கீழே நின்றிருந்தார். வீடு ஏழாவது மாடியில்.

“ரெண்டு வரி போடு மேகலா. அனுபவப்பட்டவங்க சொன்னா பத்துப் பங்கு மதிப்பு,” என்றான் கணவன் தயாளன்.

“நீங்க போடுங்களேன். உங்களுக்கும்தானே போச்சு?”

“காலையிலயே போட்டுட்டேன், ‘வைக்கலாம், தப்பில்ல’ன்னு. எடுபடல. தாய் சொன்னாத்தான் மதிப்பு.”

போன ஆடியில் கலைந்த அந்தப் பிள்ளைக்கு, அவனுக்கும் தெரியாமல் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். பெயர்சூட்டும்போது மூன்று முறை ஓதப் பிள்ளையின் காது கிடைக்காமல் போன பெயர். சொன்னால் இதயக் குறிகள் குவியும். நாளைக்கு வேறு கேள்வி வரும்.

கைபேசியில் மாமியார் கத்தினார். “ஏண்டா தயா, லிஃப்ட் வருமா, நான் இங்கயே பாய் போட்டுக்கவா?”

“உன் கையிலதான் இருக்கு,” என்று அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

மேகலா அதைத் தொடவில்லை. பால்கனியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

“வாங்க, அத்தைய மாடிக்கு மாடி உட்கார வச்சு நாமளே கூட்டிட்டு வந்துடலாம்,” என்று படியிறங்கினாள்.