நீல வண்டிக்கு இரண்டு ஜோடி

"வாங்கன்னா கேக்க மாட்டேங்கறீங்களே! கார் இல்லாம இத்தனை வருஷம் செத்தா போயிட்டோம்? கால் வலி உயிர் போகுது. கிளம்புங்க."

பழைய கார் விற்கும் அந்தத் தகரக் கொட்டகையில், நீல வண்டியின் மேல் சாய்ந்தபடி அந்த அம்மாள் சலித்துக்கொண்டார். காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் அப்பியிருந்தது.

"இரும்மா, கடைசியா ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்ற பெரியவர் வியாபாரி பக்கம் திரும்பினார். "ஒரு இருபதாயிரம் குறைச்சுக்க தம்பி. இப்பவே முடிச்சுக்கலாம்."

"அண்ணே, என் வயித்துல அடிக்காதீங்க. பத்து குறைக்கிறேன். அதுக்கு மேல கட்டுபடியாகாது."

வண்டியின் மறுபக்கம் ஓர் இளம் ஜோடி நின்றிருந்தது. டயரை உதைத்துப் பார்த்து, கதவைச் சாத்திப் பார்த்து, 'யோசிச்சுச் சொல்றோம்' என்று கிளம்ப இருந்தவர்கள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படிக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கி, இருவருமே சக்கையாகிப் போயிருந்தார்கள். பிரசவத்துக்குள் ஒரு கார், அதுவும் சேர்த்து வைத்த காசுக்குள், நடுவழியில் நிற்காத கார். வேறு எதுவும் அவர்கள் கேட்கவில்லை.

"போச்சு, அவர் முடிச்சுடுவார் போலிருக்கே" என்று அவன் முணுமுணுத்தான்.

"எல்லாம் உங்களாலதான். எதையும் ஆறப் போட்டு ஊறப் போட்டு... இன்னொரு ஞாயித்துக்கிழமை என்னால அலைய முடியாதுப்பா, சொல்லிட்டேன்."

அடுத்தவர் கை வைத்தால்தான் ஒரு பொருள் நம் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது. என்ன செய்ய, மனுஷ புத்தி அப்படி! சற்றுமுன் வரை 'மங்கிப் போன பெயின்ட்' என்று இருவரும் உதட்டைப் பிதுக்கிய வண்டி, இப்போது தகதகவென்று மின்னியது.

பெரியவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். வியாபாரிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கர்ப்பிணி கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அந்த அம்மாள் மெல்ல அவள் பக்கத்தில் வந்தார். வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தலைச்சனாம்மா?"

"ஆமா."

"இந்த வண்டி உனக்கு வேணாம் கண்ணு. வெள்ளத்துல முங்கின வண்டி. கால் வைக்கிற இடத்துல விரிப்பைத் தூக்கிப் பாரு, தெரியும். கைக்குழந்தையோட நடுரோட்டுல நிக்க வச்சுடும். பேசாம வீட்டுக்குப் போயிடுங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ நீங்க மட்டும் ஏன் வாங்கறீங்க?"

அந்த அம்மாள் மறுபடியும் வாசலைப் பார்த்தார். "எங்க கதை வேற" என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்.

கர்ப்பிணி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். "பாக்கத்தான் சாது. செய்யறதைப் பாத்தீங்களா? தண்ணியில முங்கின வண்டியாம், நம்மளை வீட்டுக்குப் போகச் சொல்லுது. நம்மளைத் துரத்திட்டுத் தான் அமுக்கப் பாக்குது!"

"எதுக்கும் அந்த விரிப்பைத் தூக்கி ஒரு பார்வை பாத்துடலாமே?"

"நல்லாப் பாருங்க! நீங்க குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள அவர் காசை நீட்டிடுவார். நானா அந்தம்மாவான்னு பாத்துடறேன்."

அவனும் பாவம் என்ன செய்வான்? அலைந்து அலைந்து ஓய்ந்தவன். போன் பேசி முடித்த வியாபாரியிடம் நேராகப் போனான். "சார், ஒரு பைசா குறைக்க வேணாம். முதல்ல சொன்ன விலைக்கே எடுத்துக்கறோம்."

"யோவ், நான் பேசிட்டிருக்கேன், நடுவுல பூந்தா என்ன அர்த்தம்?" பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி எகிறினார். "படிச்ச பிள்ளை மாதிரி இருக்கே, இது நியாயமா?"

வியாபாரி கையைப் பிசைந்தார். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

பணம் கைமாறியது. கையெழுத்தெல்லாம் முடிந்து, நீல வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கர்ப்பிணி கண்ணாடியை இறக்கி, "வரட்டுமா ஆன்ட்டி?" என்று வேண்டுமென்றே ஒரு சிரிப்புச் சிரித்தாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அந்த அம்மாள், கர்ப்பிணி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகை நிற்கவே இல்லை.

"விடும்மா. நம்மால என்ன பண்ண முடியும்?" என்றார் பெரியவர். அவர் குரலிலும் உயிரில்லை.

வியாபாரி வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, இருவரிடமும் அன்றைய கூலியை நீட்டினார்.

"அதான் அவங்க போயாச்சே, இன்னும் என்னக்கா நடிப்பு? நாளைக்குச் சிவப்பு வண்டி பாக்க ஒரு குடும்பம் வருது. தினமும் புருஷன் பொண்டாட்டியாவே வந்து பேரம் பேசினா எவனாவது மோப்பம் பிடிச்சிடுவான், நாளைக்கு ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா வந்துடுங்க."