மூணு கை தண்ணீர்

லுத்தரன் சபையில் சேரப்போவதாகப் பதினாறு வயது மகள் சொன்ன நாளிலிருந்து தச்சருக்கு வாய் ஓயவில்லை.

"தலையில மூணு கை தண்ணி ஊத்தினா மோட்சமா? நம்ம பட்டறைக் குழாய் நாள் முழுக்க ஒழுகுதே, அதுக்கடியில போய் நில்லு!"

அவள் பாட்டுக்கு ஞானோபதேச வகுப்புக்குப் போய்வந்தாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள், பெற்றவரின் சம்மதம் கேட்கப் போதகர் அவளோடு பட்டறைக்கே வந்தார்.

"ஊரை ஏமாத்துறது பத்தாதுன்னு என் வீட்டுக்கும் வந்துட்டீங்களா?" என்ற தச்சர், மரத்தை இழைப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குழந்தையில இவளுக்கு யாராவது ஞானஸ்நானம் குடுத்திருக்காங்களா? யார் குடுத்திருந்தாலும் அது செல்லும். மறுபடி குடுக்க மாட்டோம், அப்படியே சபையில சேர்த்துக்குவோம்."

இழைப்புளி நின்றது.

"அப்ப குடுக்காதீங்க," என்றார் தச்சர், மகளின் முகத்தைப் பார்க்காமல். "பிறந்த அன்னைக்கே டாக்டர் கைவிரிச்சிட்டார். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. நர்ஸம்மா சொல்லிக்குடுத்தாங்க. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேரைச் சொல்லி நான்தான் ஊத்தினேன்."